ஒட்டுசுட்டானும் கட்டடச் சிற்பமும்: மாணவர் கழகம் ஒன்றிற்கான வரலாற்று நோக்கு

சிற்பம் என்றதும் நூதனசாலையின் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்ட வெண்கலத் திருமேனியோ, நகரச் சந்தியில் நிறுத்தப்பட்ட தலைவர் ஒருவரின் சிலையோ நினைவுக்கு வருதல் இன்றைய வழக்கம். ஆயின், தமிழர் மரபிற் சிற்பம் பெரும்பாலும் தனித்து நின்றதொன்றன்று. அதிட்டானத்திற் புடைத்து நிற்கும் குமுதம், தூணின் தலையிற் கவியும் போதிகை, கபோதத்திற் பொறித்த கூடு, அதன்மேல் ஓடும் யாளி வரி, விமானத்தில் அமர்ந்த சுதையுரு ஆகிய யாவும் கட்டடத்தின் உறுப்புகளாகவே பிறந்தவை. கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்தால் அவை பொருளிழந்த துண்டுகளாகிவிடும். கட்டுவோனையும் செதுக்குவோனையும் சிற்பி என்னும் ஒரே சொல்லாற் சுட்டிய மரபு இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தது.

இத்தகைய கட்டடச் சிற்பத்தைக் கைப்படச் செய்து பழகுவதற்கென மாணவர் கழகம் ஒன்று ஒட்டுசுட்டானில் தோன்றுமாயின், அது எதனைத் தன் அடித்தளமாகக் கொள்ளும்? இவ்வினாவுக்கு இரு விடைகள் எளிதிற் கூறப்படுவதுண்டு. வன்னி முழுவதும் ஒருகாலத்தில் வானளாவிய கோபுரங்கள் நிறைந்திருந்தன, அவற்றை மீள எழுப்பினாற் போதும் என்பது ஒன்று. வன்னி காடும் குளமுமேயன்றி வேறில்லை, சிற்பம் வேண்டுமாயின் தமிழகத்திலிருந்தே வருவித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னையது பெருமிதத்தாற் பிறந்தது. பின்னையது அறியாமையாற் பிறந்தது. இரண்டுமே அம்மண்ணில் உண்மையில் எவை இருந்தன என்று தேடிப் பார்க்கும் உழைப்பைத் தவிர்த்துவிடுகின்றன.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், நெடுங்கேணிப் பாதையும் புதுக்குடியிருப்புப் பாதையும் வந்து கூடுமிடத்தில் அமைந்தது ஒட்டுசுட்டான். அவ்வூரின் நடுநாயகமாக விளங்குவது தான்தோன்றீஸ்வரர் ஆலயம். குரக்கன் அறுவடை முடிந்த சேனையில் எஞ்சிய ஒட்டுக்குத் தீயிட்டபோது ஓரிடம் மட்டும் வேகாது நின்றதாகவும், அவ்விடத்தை வெட்டியபோது இலிங்கம் வெளிப்பட்டதாகவும் ஊர் ஐதீகம் கூறும். ஒட்டைச் சுட்ட இடமாதலின் ஒட்டுசுட்டான். வேகாத வனமாதலின் வேகாவனம். இவ்வைதீகத்தை வரலாற்றுச் சான்றாக அப்படியே கொள்ளல் இயலாது. எனினும், அதனுள் இரு செய்திகள் பொதிந்துள்ளன. அரண்மனையை அண்டியன்றி, சேனைப் பயிர் செய்த உழவரின் நினைவிலேயே இவ்வாலயம் வேரூன்றியது என்பது ஒன்று. மற்றையது இக்கட்டுரைப் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. மூலமூர்த்தி எவரும் செதுக்காதது; தானே தோன்றியது. ஆகவே மனிதக் கைக்கு உரியதாக அங்கு எஞ்சுவது மூர்த்தியன்று, மூர்த்தியைச் சூழ்ந்த வீடே. கட்டடச் சிற்பியின் பணி தொடங்குமிடமும் அதுவே.

அவ்வூரின் மண்ணும் கவனிக்கத்தக்கது. கூரையோடு செய்வதற்கென அரசாங்கத் தொழிற்சாலை ஒன்று அங்கு நிறுவப்படுமளவிற்கு ஒட்டுசுட்டான் களிமண் பெயர்பெற்றிருந்தது. போர்க்காலத்தில் அத்தொழிற்சாலை செயலிழந்து நெடுங்காலம் பாழடைந்து கிடந்தது. ஓடு செய்ய உதவும் களி, உருச்செய்யவும் உதவும். இவ்வெளிய உண்மையை வன்னியின் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. வறண்ட வலயத்தின் தப்போவ, மரதன்மடுவ ஆகிய இடங்களிற் கிடைத்த சுடுமண் உருவங்களைப் பி. ஈ. பி. தெரணியகல ஒரு தனிப் பண்பாட்டுத் தொகுதியாக இனங்கண்டார். கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள உருத்திரபுரத்திலும் சுடுமண் உருவங்கள் கிடைத்துள்ளன. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரிப் பிரதேசத்தில் மேற்கொண்ட ஆய்வுகள் அப்பகுதியின் தொன்மையான குடியிருப்புகளையும் அவற்றின் மட்பாண்டங்களையும் வெளிக்கொணர்ந்தன. மண்ணைப் பிசைந்து, உருக்கொடுத்து, சூளையிற் சுட்டெடுக்கும் அறிவு இந்நிலத்திற்கு இரவலாக வந்ததன்று.

கல்லின் கதை வேறு. இலங்கையிற் சோழர் அமைத்த கற்றளிகளுள் இன்றும் முழுமையாக நிற்பது பொலநறுவையில் உள்ள வானவன்மாதேவீச்சரம். தொல்லியலாளர் இரண்டாம் சிவதேவாலயம் எனக் குறிப்பிடும் இக்கோயில், முதலாம் இராசேந்திரனின் தாயார் பெயரால் கி.பி. 11 ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கண்டம், சிகரம், தூபி என நூல்கள் கூறும் ஆறு அங்கங்களைக் கற்க விரும்பும் மாணவனுக்கு ஈழத்தில் இதைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது. ஆயின், அது தலைநகரத்துக் கோயில். பேரரசின் கருவூலமும், பயிற்சி பெற்ற கல்தச்சரும் கூடியவிடத்து எழுந்தது. அதே அளவுகோலால் ஒட்டுசுட்டானை அளப்பவர் ஏமாற்றமடைவர். வன்னியின் பழங்கட்டடங்களுட் பெரும்பகுதி செங்கல்லும் சுண்ணச் சாந்தும் மரமும் கொண்டு ஆனவை. செங்கற்கட்டடத்தின் சுவரில் ஆலமரம் வேர்விட்டால் இரண்டு தலைமுறைகளில் அது மேடாகிவிடும். மரமோ கறையானுக்கு இரையாகும். எஞ்சாமை வேறு, இல்லாமை வேறு என்பதை வரலாற்று மாணவன் இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எஞ்சாமைக்குக் காலநிலை மட்டும் காரணமன்று. பட்டறை வாழப் புரவலன் வேண்டும்; புரவலன் வாழ விளைநிலம் வேண்டும்; வன்னியில் விளைநிலம் வாழக் குளம் வேண்டும். குளம் உடைந்த ஊரிற் கோயில் தானாகவே உடையும். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி எனப் பிரிந்திருந்த வன்னிமைகளின் தலைவர்கள், யாழ்ப்பாண அரசு 1619 இல் வீழ்ந்த பின்னரும் தம் ஆட்சியை ஓரளவு தொடர்ந்து பேணினர். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் அவர்களிடமிருந்து யானைகளைத் திறையாகப் பெற்றனர். குடாநாட்டிலும் கரையோரங்களிலும் பெருங்கோயில்கள் தகர்க்கப்பட்டன. திருகோணமலையிற் கோணேசர் கோயில் 1624 இல் அழிக்கப்பட்டமை யாவரும் அறிந்தது. கற்கோயில் கட்டுவிக்கும் புரவலன் இல்லாது ஒன்றரை நூற்றாண்டு கழிந்தால், உளியின் நுட்பம் எத்தனை தலைமுறைகளுக்கு நினைவிலிருக்கும்? 1780களில் ஒல்லாந்தர் வன்னியை நேரடி ஆட்சிக்குட் கொணர்ந்தனர். 1803 இற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றி, அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையினாற் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான். அதன்பின் வன்னிமை என்னும் புரவலர் அமைப்பு முற்றாக மறைந்தது. குளங்கள் தூர்ந்தன, காய்ச்சல் பரவியது, குடிகள் அருகினர். ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் அத்தேய்வின் சித்திரமாகவே அமைந்துள்ளது.

கற்சிலைமடு ஒட்டுசுட்டானுக்கு அயலூர். கற்சிலை என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய அவ்வூரில் நெடுங்காலம் பலராலும் அறியப்பட்டிருந்த கல், பண்டாரவன்னியன் தோற்ற இடம் இதுவென ஆங்கிலத்திற் பொறித்த நினைவுக்கல்லே. வென்றவர் நாட்டிய கல்லைத் தோற்றவரின் வழித்தோன்றல்கள் தம் வீரனின் நினைவுச்சின்னமாகப் போற்றிய விந்தை அங்கு நிகழ்ந்தது. 2010 இல் அக்கல் உடைக்கப்பட்டது.

வன்னி வழிபாட்டின் இன்னொரு பக்கத்தையும் மறைத்தலாகாது. ஐயனாரும் நாகதம்பிரானும் முனியும் அண்ணமாரும் பெரும்பாலும் மரத்தடியிலும் ஓலைக் கொட்டிலிலும் வணங்கப்பட்டனர். ஒரு கல், ஒரு சூலம், ஒரு வேல், ஒரு பொங்கற் பானை என்பனவே அங்குத் திருவுருவங்கள். வற்றாப்பளைக் கண்ணகியம்மன் வைகாசிப் பொங்கலுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்களைத் திரட்டியது கோபுரத்தின் உயரமன்று. எனவே, வன்னிக் கோயில் ஒவ்வொன்றிலும் தஞ்சைப் பாணியைத் தேடுவது வரலாற்றுப் பிழை. தஞ்சைப் பாணியை ஒவ்வொன்றின்மேலும் ஏற்றிவைப்பது அதனினும் பெரிய பிழை. அண்மைக்கால ஆலயங்கள் பலவற்றிற் பளபளக்கும் எனாமல் வர்ணம் பூசிய சீமெந்துப் பொம்மைகள் நெருக்கியடித்து நிற்பதைக் காண்போர், அளவு தெரியாத இடத்தில் அலங்காரம் எவ்வாறு சுமையாகின்றது என்பதை உணர்வர்.

அளவு பற்றிய அறிவு எவ்வாறு கற்பிக்கப்பட்டது? இதனை நவீன உலகிற்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் ஈழத்தவரே. 1877 இற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக நாட்டின் பாறைகளை ஆராய வந்தவர். பாறைகளைத் தேடிச் சென்ற கிராமங்களிற் கைவினைஞரைக் கண்டார். 1908 இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூலும், 1909 இல் வெளிவந்த இந்தியக் கைவினைஞர் பற்றிய சிறுநூலும், பட்டறையே பள்ளியாக விளங்கிய முறையை விளக்கின. அங்குப் பாடவேளை என ஒன்றில்லை. சிறுவன் உளி தீட்டிக் கொடுப்பான்; சாந்து குழைப்பான்; தந்தை கீறிய கோட்டின்மேற் கீறிப் பழகுவான். கண்ணும் கையும் பதமடைந்த பின்னரே நூலின் சுலோகம் அவனுக்குப் பொருள்படும்.

நூல் என்பது இங்குத் தாலமானத்தை முதன்மையாகக் குறிக்கும். முகத்தின் நீளம் ஒரு தாலம். திருவுருவத்தின் உயரம் அதன் மடங்கு. உத்தம தசதாலத்தில் உருவம் 124 பகுதிகளாகப் பிரிக்கப்படும். தேவர், தேவியர், அடியார், பூதகணம் என நிலை மாற மாறத் தாலமும் மாறும். இது கற்பனையைக் கட்டும் விலங்கு எனச் சிலர் குறைகூறுவர். உண்மையில், பத்துப்பேர் பத்து மூலைகளிலிருந்து ஒரே விமானத்தில் வேலை செய்யும்போது உருவங்கள் ஒன்றோடொன்று இசைந்து நிற்பதற்கான பொதுமொழியே தாலமானம். தனியொருவனின் ஓவியத்திற்கு அது தேவையற்றதாகலாம். கூட்டு வேலைக்கு இன்றியமையாதது.

சுதை வேலையும் அவ்வாறே கூட்டு முயற்சி. முதலிற் செங்கல்லை அடுக்கி உருவத்தின் பருமனைக் கட்டுவர். நீண்டு நிற்கும் கைக்கும் ஆயுதத்திற்கும் உள்ளே கம்பியோ மரமோ கொடுப்பர். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் விட்டு, நாட்கணக்கிற் புளிக்கவிட்டு அரைப்பர். பருஞ்சாந்து முதலிலும் நொய்யசாந்து பின்னரும் ஏறும். சாந்து இறுகுமுன் வேலை முடிய வேண்டும்; அவசரப்பட்டு உலரவிட்டால் வெடிக்கும். சுண்ணாம்பு காற்றை உண்டு மெல்ல மெல்லக் கல்லாகும். சீமெந்தோ விரைவில் இறுகிவிடும். உள்ளிருக்கும் இரும்பு ஈரத்தாற் துருப்பிடித்துப் பருத்தபின் மேற்பூச்சைப் பிளந்துவிடும். மாரிமழையும் கடும் வெயிலும் மாறி மாறி வரும் வன்னியில் இவ்வேறுபாடு அழகியல் வேறுபாடு மட்டுமன்று.

பட்டறைக்கல்வியைப் போற்றும்போது அதன் குறையையும் கூறுதல் தகும். அது பிறப்பை வாயிலாகக் கொண்டிருந்தது. கம்மாளர் மரபில் வராதவனுக்கு உளி எட்டாது. அம்மரபில் வந்தவனுக்கோ உளியன்றி வேறெதுவும் எளிதில் எட்டாது. வேலை செய்த கைக்குச் சமூகத்திற் கிடைத்த மதிப்பும் அவன் செய்த வேலைக்குக் கிடைத்த மதிப்பும் ஒன்றாக இருந்ததில்லை. குமாரசுவாமி இப்பட்டறை உலகை ஓரளவு பொன்னிறத் திரையினூடாகவே நோக்கினார் என்பதை மறுத்தல் அரிது.

இவ்வாயிலை உடைக்கும் வாய்ப்பு நவீனக் கலைக்கழகங்களுக்கு இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1938 இற் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை வின்சர் கலைக்கழகத்தைத் தோற்றுவித்தார். இலங்கையின் பிரதம சித்திர வித்தியாதரிசியாக விளங்கிய சி. எப். வின்சரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பெரும்பாலும் சித்திர ஆசிரியர்களே உறுப்பினராயிருந்த இக்கழகம், குடாநாட்டில் நவீன ஓவியத்திற்குக் கால்கோளிட்டது. கொழும்பின் புகழ்பெற்ற 43 குழுவுக்கும் ஐந்தாண்டு முற்பட்டது என்பது மனங்கொள்ளற்பாலது. பின்னர் ஓவியர் மாற்கு முதலியோர் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் வழி இப்பணியைத் தொடர்ந்தனர். சம்பளமும் கட்டடமும் இன்றி, ஆர்வத்தினால் மட்டும் ஒரு கழகம் நடத்தலாம் என்பதற்கு இவை சான்று. ஆயின், இவற்றின் ஊடகம் ஓவியமே. நிலக்காட்சியும் உருவப்படமும் வரையப்பட்ட அதே காலத்தில், சற்றுத் தொலைவிலே தேர் செதுக்கிக்கொண்டிருந்த தச்சனும் கோபுரத்திற் சுதை அப்பிக்கொண்டிருந்த சிற்பியும் கழகத்திற்கு வெளியிலேயே நின்றனர். கலைஞன், தொழிலாளி என்னும் பிரிவு இவ்வாறு புதிய வடிவில் நிலைபெற்றது.

இப்பிரிவைக் கடந்த முன்மாதிரி ஒன்றைச் சாந்திநிகேதனத்திற் காணலாம். இரவீந்திரநாத தாகூர் 1934 இல் யாழ்ப்பாணத்திற்கு வருகை தந்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அவரது கலாபவனத்தின் மாணவரும் ஆசிரியரும் நந்தலால் போஸின் வழிகாட்டலில் மாணவர் விடுதியொன்றை மண்ணாற் கட்டினர். அதன் சுவர்கள் முழுவதும் புடைப்புச் சிற்பங்கள். ராம்கிங்கர் பைஜ் அவற்றில் முக்கிய பங்கேற்றார். பர்ஹுத், மாமல்லபுரம் முதலாக எகிப்து, அசீரியா வரையிலான பழஞ்சிற்பங்களிலிருந்து கருக்கள் எடுத்தாளப்பட்டன. மழையும் கறையானும் அணுகாதிருக்க மண்ணோடு தார் சேர்க்கப்பட்டமையால் அது கரிய வீடு எனப் பொருள்படும் காலோ பாரி என்னும் பெயரைப் பெற்றது. பொன்னும் கருங்கல்லும் தேவைப்படவில்லை. தாம் உறங்கும் வீட்டின் சுவரையே மாணவர் சிற்பமாக்கினர். மண்ணும் மழையும் கறையானும் நிறைந்த ஒட்டுசுட்டானுக்குத் தஞ்சைப் பெரியகோயிலைவிட இவ்விடுதி நெருங்கிய உறவு.

மற்றொரு முன்மாதிரி மாமல்லபுரத்தில் 1957 இல் அரசாங்கம் நிறுவிய சிற்பப் பயிற்சி நிலையம். பிள்ளையார்பட்டி மரபில் வந்த வைத்தியநாத ஸ்தபதி அதன் முதற் தலைவர். அவர் மைந்தர் கணபதி ஸ்தபதி 1961 முதல் 1988 வரை அதனை வழிநடத்தினார். கன்னியாகுமரியில் 2000 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை அவருடைய ஆக்கமே. கல்லூரியாக வளர்ந்த அந்நிலையத்திற் கோயிற் கட்டடக்கலையும் கல், சுதை, மரம், உலோகம் ஆகியவற்றிலான சிற்பமும் ஒரே கூரையின்கீழ்ப் பயிற்றப்படலாயின. குலத்தின் அறிவு பாடத்திட்டமாயிற்று. இதன் பயன் கடல் கடந்தும் வந்தது. போருக்குப் பின் மன்னார்த் திருக்கேதீச்சரத்தின் கருங்கற் திருப்பணியை இந்திய அரசின் உதவியுடன் அந்நாட்டுத் தொல்லியல் துறையும் மாமல்லபுரக் கல்லூரியும் மேற்கொண்டன. 2022 யூலையிற் குடமுழுக்கு நிகழ்ந்தது. பெருமைக்குரிய பணியே அது. எனினும், அத்தூண்கள் எழுந்தபோது அயல்மாவட்ட மாணவர் எத்தனைபேர் அருகில் நின்று ஓர் அளவையேனும் குறித்துக்கொண்டனர் என்ற வினாவும் எழவே செய்கின்றது. கற்றூண் வந்தது, கற்றல் வரவில்லை.

2008 இன் இறுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும் ஒட்டுசுட்டான் மக்கள் தம் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். மீண்டு வந்தபோது வீடும் பள்ளியும் கோயிலும் ஒருங்கே கட்டப்பட வேண்டியிருந்தன. அந்நிலையிற் பழைய சுவரின் சாந்தை ஆராய எவருக்கு நேரமிருந்தது? வன்னியெங்கும் திருப்பணி என்ற பெயரில் இடித்தகற்றப்பட்ட முகப்புகளும் மரத்தூண்களும் வரைபடமின்றியே மறைந்தன. அளவுப்படமோ ஒளிப்படமோ இல்லாத கட்டடம் மறைந்தபின், அது இருந்தது என்பதே வாதத்திற்குரியதாகிவிடும். குருந்தூர்மலை போன்ற இடங்களைச் சூழ்ந்து எழுந்துள்ள பிணக்குகளைக் காணும் மாணவனுக்கு, ஆவணமின்மையின் விலையை வேறெவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

ஆகவே, கழகத்தின் முதற் கருவி உளியன்று, அளவு நாடா. ஒட்டுசுட்டானைச் சூழ்ந்த கோயில்கள், பழைய வீடுகள், தேர்முட்டிகள், வாகனங்கள் ஆகியவற்றை அளந்து வரைதல் முதலாண்டு வேலையாகலாம். 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்ட கட்டடங்கள் தொல்பொருட் சட்டத்தின் பாதுகாப்புக்குரியவை; ஆதலால் அகழ்தலும் பெயர்த்தலும் மாணவரின் வேலையன்று. பார்த்தலும் அளத்தலும் வரைதலும் அவர்களுக்குரியவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையும், கிளிநொச்சியில் இயங்கும் அதன் பொறியியற் பீடமும், 2021 முதற் தனிப் பல்கலைக்கழகமாக விளங்கும் வவுனியாவும் அணுகக்கூடிய தூரத்திலேயே உள்ளன.

செய்முறைக்கு வரும்போது ஓர் ஆட்சேபம் எழும். திருவுருவம் அமைத்தல் விரதமும் தீட்சையும் வேண்டும் பணி. கழக மாணவர் விளையாட்டாகக் கைவைக்கலாமா என்பர் முதியோர். ஆட்சேபம் மதிக்கத்தக்கது. ஆயின், கட்டடச் சிற்பத்தில் வழிபடு திருமேனி ஒரு சிறு பகுதியே. கொடிக்கருக்கும் தாமரைப் பதக்கமும் யானை வரியும் அன்ன வரியும் கற்பதற்கு எவர் தடை சொல்வர்? பாடசாலையின் வாயில், வாசிகசாலையின் திண்ணை, முத்தையன்கட்டு வாய்க்காலோரத்து நிழற்குடை என்பனவும் கட்டடங்களே. நெற்கதிரும் குரக்கன் கதிரும் முதிரையிலையும் மயிலும் அவற்றின் சுவர்களிற் சுடுமண் ஓடுகளாகப் பதியலாம். இன்னோர் ஆட்சேபம் இதனினும் வலியது: வாரத்திற்கு இரண்டு மணிநேரம் கூடும் கழகம், இருபதாண்டுப் பட்டறைப் பயிற்சிக்கு ஈடாகாது. ஈடாகாதுதான். கழகம் ஸ்தபதியை உருவாக்காது. ஸ்தபதி ஊருக்கு வரும்போது அவரிடம் கேட்கத் தெரிந்தவரையும், திருப்பணிச் சபையில் அமர்ந்து பழைய தூணை இடிக்குமுன் அதனை வரைந்துகொள்வோம் எனச் சொல்லத் தெரிந்தவரையும் உருவாக்கும். அவ்வாறு கேட்கவும் சொல்லவும் ஆளில்லாமையாலேயே அண்மைக்காலத்தில் இழக்கப்பட்டவை பல.

கழகத்திற்கு வேண்டிய பொருட்பட்டியல் சிறிது. அளவு நாடா, தூக்குநூல், வரைதாள், மண் பிசையும் பலகை, மூங்கிற் சீவல்கள், ஒரு சிறு சூளை. களிமண்ணை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. மாரி தொடங்குமுன் வெட்டி, கல்லும் வேரும் நீக்கி, ஓரிரு மாதம் ஊறவிட்டுப் பதப்படுத்தினால், தைப்பொங்கல் கழிந்த கையோடு முதற் சூளைக்கான ஓடுகள் உலர்ந்துகொண்டிருக்கும்.